உஷார்! ஆஃப் செய்தும் அணையாத ஓவன்

டைமர் மணி அடித்துவிட்டது. கேக்கை வெளியே எடுத்தாயிற்று. நாப்பைத் திருகி ‘ஆஃப்’ கோட்டில் நிறுத்தியும் ஆயிற்று. பத்து நிமிஷம் கழித்து சமையலறைக்குள் வந்தால், கண்ணாடிக் கதவுக்குள்ளே ராடு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டே இருக்கிறது. மறுபடியும் திருகுகிறீர்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒன்றும் நடக்கவில்லை.

நாப்பை விட்டுவிடுங்கள். இனி அதை நம்பிப் பயனில்லை. செய்ய வேண்டியது சுவரில் இருக்கிறது.

பிளக் பாயிண்டின் ஸ்விட்சை அணையுங்கள். அந்த ஸ்விட்ச் ஓவனுக்குப் பின்னால், கையை நுழைத்துத் துழாவ வேண்டிய இடத்தில் இருந்தால் அதையும் மறந்துவிட்டு நேராக எம்.சி.பி. பெட்டிக்குப் போங்கள். எது சமையலறை எம்.சி.பி. என்று தெரியவில்லையா? தேடிக்கொண்டு நிற்காதீர்கள், மெயினையே இறக்குங்கள். சீரியல் நின்றுபோனால் போகட்டும். ஓவனின் உடம்பைத் தொடாதீர்கள், அதில் கரண்ட் ஏறியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்குவது கடைசி வேலை. ஓடுகிற ஓவனின் பிளக்கை அப்படியே இழுத்தால் பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே பொறி பறக்கும். ஏற்கெனவே சூடேறி இளகிப்போன பிளக் என்றால் பாதி கையிலும் பாதி சுவரிலுமாக வரும். கரண்ட்டை நிறுத்திய பிறகு கழற்றுங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டுக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மெயினை இறக்கியதும் ஹாலில் லைட்டும் ஃபேனும் ஓடத்தான் செய்யும். அதைப் பார்த்து, ‘மெயின் இறங்கவில்லையோ’ என்று பதறி மறுபடி மேலே தூக்கிவிட்டவர்கள் உண்டு. லைட்டைப் பார்க்காதீர்கள், ராடைப் பாருங்கள். கரண்ட் நின்றால் ஓரிரு நிமிஷத்தில் சிவப்பு மங்கிக் கருத்துவிடும். அதுதான் சாட்சி.

பதற்றம் தீர்ந்ததும் நிதானமாக யோசிப்போம். அணையவில்லை என்று சொல்லப்படுகிற ஓவன்களில் சில உண்மையில் நன்றாகத்தான் இருக்கின்றன. இங்கே நாம் பேசுவது ராடு சூடேறும் ஓ.டி.ஜி.யையும், மாடுலர் கிச்சனில் பதித்து வைக்கும் பில்ட்-இன் ஓவனையும். மைக்ரோவேவ் வேறு ஜாதி.

ஓ.டி.ஜி. டைமர் நாப்பை உற்றுப் பாருங்கள். பூஜ்யத்துக்கு வலப்பக்கம் 10, 20, 30 என்று 60 வரை நிமிஷங்கள் இருக்கும். பல மாடல்களில் பூஜ்யத்துக்கு இடப்பக்கம், பொடி எழுத்தில், ‘ஸ்டே ஆன்’ என்று இன்னொரு கோடு இருக்கிறது. டைமர் இல்லாமல் தொடர்ந்து எரியவிடுவதற்கான இடம் அது. கேக் வெந்துவிட்டது, டைமரில் இன்னும் ஏழு நிமிஷம் பாக்கி என்று நாப்பை இடப்பக்கம் வேகமாகத் திருப்பினால் பூஜ்யத்தைத் தாண்டி அந்தக் கோட்டில் போய் உட்கார்ந்துவிடும். அங்கே மணியும் அடிக்காது, தானாக அணையவும் அணையாது. நாப் மேலே எண்ணெய்ப் பிசுக்கு படிந்து எழுத்தே மறைந்துவிட்ட வீடுகளில் இது சர்வ சாதாரணம். அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. இத்தனை ஆபத்தான ஒரு நிலையை ‘ஆஃப்’புக்குப் பக்கத்திலேயே, ஒரு தடுப்புகூட இல்லாமல் வைத்த புண்ணியவான் யாரோ!

பில்ட்-இன் ஓவனில் வேறொரு மயக்கம் உண்டு. அணைத்த பிறகும் ‘உர்ர்’ரென்று ஃபேன் ஓடும். உள்ளே இருக்கும் சூடு சர்க்யூட்டையும் பக்கத்து மரப் பலகையையும் தாக்காமலிருக்க அது ஓடத்தான் வேண்டும். சூடு தணிந்ததும் நின்றுவிடும். ஃபேன் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆனால் ராடு சிவப்பாக இருந்தால், அல்லது அணைத்துக் கால் மணி நேரமாகியும் சூடு குறையாமல் ஏறுகிறது என்றால், அது சந்தேகமில்லாமல் கோளாறு.

சரி, ஏன் அணைய மறுக்கிறது?

ஓ.டி.ஜி.க்குள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தெர்மோஸ்டாட், டைமர், மேல் ராடா கீழ் ராடா என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் என்று மூன்று நாப். பெரும்பாலான மாடல்களில் கரண்ட் இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துதான் ராடுக்குப் போகிறது. மூன்றில் எதை அணைத்தாலும் ராடு அணைய வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தொட்டும் விலகியும் வேலை செய்கின்றன. 1,500 வாட் ஓவன் என்றால் நம்ம ஊர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட ஆறரை ஆம்ப் அந்தப் புள்ளிகள் வழியாகப் பாய்கிறது. விலகும் ஒவ்வொரு முறையும் நடுவில் பொடிப் பொறி தெறிக்கும். தெர்மோஸ்டாட் ஒரு கேக் வேகும் நேரத்துக்குள் பல முறை ‘டிக்... டிக்’ என்று இந்த வேலையைச் செய்கிறது. வருஷக்கணக்கில் பொறி பட்டுப் பட்டு, முகம் கருகி, மேடு பள்ளமாகி, ஒருநாள் இரண்டு புள்ளிகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் வைத்த மாதிரிதான். அதன்பிறகு நாப் வெறும் பிளாஸ்டிக். பில்ட்-இன் ஓவனில் இதே வேலையை சர்க்யூட் போர்டில் இருக்கும் ரிலே செய்கிறது. அது ஒட்டிக்கொண்டால் டிஸ்பிளே சமர்த்தாக மணி காட்டும், உள்ளே ராடு தகதகக்கும்.

இப்படி ஒட்டிக்கொள்வதை நாமும் நம் பங்குக்குத் துரிதப்படுத்துகிறோம். கோடை சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கும்போது ரிலே உறுதியாகப் பிடிக்க முடியாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும், ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொறி. போர்டுக்குள் கதகதப்புக்காகக் குடியேறும் எறும்பும் கரப்பானும் மாட்டி எரிந்து கரியாகும். இட்லிப் பானையின் ஆவி நேராக ஓவன் டச் பேனல் மேல் அடிக்கிற மாதிரி சமையலறையை அமைத்து வைத்திருப்போம்.

ஒட்டிக்கொண்ட ஓவனைத் தலையில் இரண்டு தட்டு தட்டினால் ‘சரியாகிவிடும்’. டிவி ரிமோட்டைத் தட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா! தட்டியதில் புள்ளிகள் பிரிந்திருக்கும். ஆனால் பிய்ந்து வந்த முகம் முன்னைவிடக் கரடாக இருக்கும், சீக்கிரமே மறுபடி ஒட்டும். தட்டிச் சரியான ஓவன்தான் எல்லாவற்றையும்விட மோசமானது, ஏனென்றால் வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாப்பில் ஒன்று ஒட்டிக்கொண்டால் மற்ற இரண்டில் ஒன்று அணைத்துவிட வேண்டும், இல்லையா? அப்படியானால் எதைத் திருகினாலும் அணையாத ஓவனுக்கு என்ன அர்த்தம்? மூன்றும் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு கெட்டுப்போயிருக்குமா?

போயிருக்காது. இரண்டில் ஒன்று நடந்திருக்கும். முதலாவது, ஒவ்வொன்றாக எப்போதோ கெட்டுப்போய், கடைசியாக மிச்சமிருந்ததும் இன்று கெட்டிருக்கிறது. நம்மில் பலர் வருஷம் முழுக்க ஒரே நாப்பால்தான் ஓவனை அணைக்கிறோம். டைமரை ‘ஸ்டே ஆன்’னில் நிரந்தரமாக வைத்துவிட்டு தெர்மோஸ்டாட்டை மட்டும் திருகுபவர்களுக்கு, டைமர் ஒட்டிக்கொண்டது எப்படித் தெரியும்? இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. ஓவனைச் சூடேற்றுங்கள், டைமரை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், ராடு கருக்கிறதா பாருங்கள். மறுபடி சூடேற்றி, தெர்மோஸ்டாட்டை மட்டும் கீழே இறக்குங்கள். பிறகு செலக்டர். மூன்றும் தனித்தனியாக அணைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் ஓவனை ஒதுக்கி வையுங்கள். சிவப்பு லைட்டை நம்பாதீர்கள், அது எந்த இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். 180 டிகிரி வைத்தும் கேக் மேலே கரிந்து நடுவில் மாவாக இருக்கிறது, ‘டிக்’ சத்தம் கேட்டே நாளாகிறது என்றால் தெர்மோஸ்டாட் ஏற்கெனவே தகவல் சொல்லிவிட்டது.

இரண்டாவது சாத்தியம்தான் என்னைப் பயமுறுத்துவது. கோளாறு ஓவனில் பாதி, உங்கள் வீட்டுச் சுவரில் பாதி.

ராடு என்பது வெளியே ஒரு உலோகக் குழாய், உள்ளே மெல்லிய சுருள் கம்பி, இரண்டுக்கும் நடுவே கரண்ட் தாண்டாமலிருக்க வெள்ளைத் தூள். வயதான ராடில் ஈரம் ஏறியோ விரிசல் விட்டோ உள்கம்பி குழாயைத் தொட்டுவிடும். குழாய் ஓவன் உடம்போடும், உடம்பு எர்த் வயரோடும் இணைந்திருக்கிறது. அதுவரைக்கும்கூடப் பரவாயில்லை. நாப்கள் பேஸ் வயரை வெட்டினால் ராடுக்குக் கரண்ட்டே வராது. ஆனால் உங்கள் பிளக் பாயிண்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடந்தால்? அப்போது மூன்று நாப்களும் சேர்ந்து வெட்டுவது நியூட்ரலை. பேஸ் நேராக ராடுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். திரும்பிப்போக நியூட்ரல் இல்லாவிட்டால் என்ன, எர்த் இருக்கிறதே! பேஸில் புகுந்து, ராடில் பாதி தூரம் போய், குழாயைத் தொட்ட இடத்தில் எர்த்துக்குள் இறங்கிவிடும். ராடு எரியும். நாப் மூன்றும் ‘ஆஃப்’பில் இருக்கும்.

கணக்குப் போட்டால் இன்னும் திகில். 1,500 வாட் ராடு ஒன்றின் தடை சுமார் 35 ஓம். சரியாக நடுவில் எர்த் ஆனால் அதில் பாதி, பதினேழரை. எர்த் உருப்படியாக இருந்தால் கரண்ட் 13 ஆம்ப் வரை போகும். அதாவது பாதி நீள ராடில் 3,000 வாட். சுவரில் இருக்கும் 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு 13 ஆம்ப் ஒரு பொருட்டே இல்லை, அது விழாது. விழ வேண்டியது ஆர்.சி.சி.பி. நம் எலக்ட்ரீஷியன்கள் இன்னும் ஈ.எல்.சி.பி. என்று சொல்லும் அதே பொருள்தான். 30 மில்லி ஆம்ப் எர்த்துக்குக் கசிந்தாலே, அதாவது ஒரு ஆம்பில் நூற்றில் மூன்று பங்கு போனாலே, அது இரண்டு வயரையும் வெட்டிவிடும். ஓவன் வைத்திருக்கும் வீட்டில் அது இல்லையென்றால் ஓவனைப் பற்றிய யோசனையை நிறுத்திவிட்டு முதலில் அதை மாட்டச் சொல்லுங்கள். இருந்தால் அதன் ‘டெஸ்ட்’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அது சுவர் அலங்காரம்.

அடிக்கடி விழுகிறதே என்று ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்ட வீடுகளும், மூன்றாவது பின் உடைந்த பிளக்கை அப்படியே சொருகும் வீடுகளும் இதைவிட ஆபத்தானவை. எர்த் இல்லாவிட்டால் ராடு எரியாது, வாஸ்தவம்தான். ஓவன் உடம்பு முழுக்க பேஸ் நிற்கும். ஈரக்கையோடு கதவைத் திறப்பவர்தான் எர்த்.

பேஸ் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நிமிஷ வேலை. உங்கள் கண் முன்னால் டெஸ்டரை வைக்கச் சொல்லுங்கள். பெரிய எர்த் ஓட்டை மேலே இருக்க, நாம் பார்க்கையில் வலப்பக்க ஓட்டையில் ஸ்விட்ச் ஆனில் டெஸ்டர் எரிய வேண்டும், இடப்பக்கம் எரியக் கூடாது. அடுத்து ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஓட்டையிலாவது இன்னும் எரிந்தால், ஸ்விட்சையே நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வீட்டில் மேலே சொன்ன கோளாறு வந்தால் சுவர் ஸ்விட்ச்கூட ஓவனை அணைக்காது. ‘எப்படி மாட்டினாலும் லைட் எரியுது, என்ன சார்?’ என்று கேட்கும் கைகள் வயரிங் செய்த வீடுகள் நம்மிடையே எக்கச்சக்கம்.

இந்தக் கோளாறுக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் வயர் மாறிக்கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. மகள் வீட்டுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே ஓவனுக்கு வருவது 240 வோல்ட். இரண்டு வயர், இரண்டிலுமே கரண்ட் உண்டு, ஒவ்வொன்றும் எர்த்துக்கு 120 வோல்ட். பல ஓவன்களில் பட்டனை அழுத்தினால் வெட்டப்படுவது அதில் ஒன்றுதான். அடி ராடு ஓட்டையாகி உடம்பைத் தொட்டால், வெட்டப்படாத இன்னொரு வயர் எர்த் வழியாக அதை எரித்துக்கொண்டே இருக்கும். சில சமயம் ராடின் ஒரு புள்ளியில் கண் கூசும் வெளிச்சம் தோன்றி, கம்பி மத்தாப்பு போலப் பொறியைச் சிதறிக்கொண்டு ராடு நெடுக நகரும். எந்த பட்டனுக்கும் கட்டுப்படாது. கராஜிலோ பேஸ்மென்டிலோ இருக்கும் பிரேக்கர் பெட்டியில், ஜோடியாக இணைத்த பெரிய பிரேக்கரை இறக்கினால்தான் நிற்கும். போய் இறங்கிய அன்றைக்கே மருமகனிடம் கேட்டு அது எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாப் விஷயத்தில் அந்த ஊரும் சொக்கத்தங்கமில்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் சாம்சங் நிறுவனம் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்சார ரேஞ்சுகளை (அடுப்பும் ஓவனும் ஒன்றாகச் சேர்ந்தவை) திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. முன்பக்க நாப்பில் மனிதர்களோ வளர்ப்புப் பிராணிகளோ தற்செயலாக உரசினாலே அடுப்பு பற்றிக்கொள்கிறது என்பது புகார். சுமார் 250 தீ விபத்துகள் அதில் பதிவாகியிருந்தன. கொடுத்த தீர்வு, நாப்புக்கு இலவசப் பூட்டு அல்லது மூடி.

நம்மூருக்குத் திரும்புவோம். ஓவன் கெட்டுப்போனால் நாம் கூப்பிடுவது தெருமுனை மெக்கானிக்கை. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கீசர் எல்லாம் பார்ப்பவர். கெட்டிக்காரராகவும் இருப்பார். பின்பக்கத் தகட்டைக் கழற்றுவார், கருகிப்போன ஒன்றைக் காட்டுவார், ‘இந்த ஸ்பேர் கிடைக்காதுக்கா, டைரக்ட் பண்ணி விட்டுட்டேன். இனிமே பிரச்சினையே வராது’ என்பார். கூலி குறைவு. ஓவன் ஜோராகச் சூடேறும். நாம் சந்தோஷமாக அனுப்பி வைப்போம்.

அந்த ‘டைரக்ட்’ என்பதற்கு என்ன பொருள் என்று அப்போதே கேளுங்கள். அவர் தாண்டிவிட்டது பெரும்பாலும் தெர்மல் கட்-ஆஃப். தெர்மோஸ்டாட் தோற்று சூடு எல்லை மீறும்போது கரண்ட்டை அறுப்பதற்காகவே வைத்த பொருள் அது. அது அறுந்திருக்கிறது என்றால் தன் வேலையைச் செய்திருக்கிறது. ஏன் அறுந்தது என்று பார்க்காமல் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் முடிச்சுப் போட்டுவிட்டால், அடுத்த முறை அந்த ஓவனைத் தடுக்க உள்ளே ஒன்றும் இருக்காது. டைமரையே டைரக்ட் செய்துவிட்டு, ‘நீங்க பிளக்குல அணைச்சுக்குங்க’ என்பவர்களும் உண்டு. நீங்கள் அணைப்பீர்கள். ஊரிலிருந்து வந்த மாமியாருக்கு அது எப்படித் தெரியும்? ஸ்பேர் கிடைக்காவிட்டால் ஓவன் வேண்டாம் என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜ் தலைமேல், லேஸ் வைத்த பிளாஸ்டிக் விரிப்பின் மேல் ஓ.டி.ஜி. உட்கார்ந்திருக்கும் வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அணையாத ஓவன் ஒன்றுக்கு அந்த விரிப்பே போதும். சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் தள்ளி, கல் மேடையில் வையுங்கள். 16 ஆம்ப் பிளக்கை (கடையில் பழக்கத்தில் 15 என்பார்கள்) சின்ன பாயிண்டில் சொருக ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்களே, அதைத் தூக்கிப் போடுங்கள். 2,000 வாட் ஓவன் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்ப் இழுக்கும். 6 ஆம்ப் பாயிண்ட் அதை எத்தனை நாள் தாங்கும்? எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் இதே பதில்தான்.

ஒருவேளை உள்ளே தீயே பிடித்துவிட்டால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய பெட்டிக்குள் காற்று தீர்ந்தால் நெருப்பு தணியும், திறந்தால் முகத்துக்கு வரும். மெயினை இறக்குங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. பெட்டியைத் தாண்டி நெருப்பு வெளியே வந்துவிட்டால் வீரம் வேண்டாம், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி 101 அல்லது 112க்கு அடியுங்கள். வரும் வழியில் சிலிண்டர் வால்வை மூட முடிந்தால் மூடுங்கள், அது நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டையோ டைமரையோ கம்பெனி சர்வீஸில் கொடுத்துப் புதிதாக மாற்றிவிடலாம், கட்டுப்படியாகும். ராடு எர்த் ஆகியிருந்தால் ராடை மாற்ற வேண்டும், பிளக் பாயிண்டையும் திருத்த வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் வேலை முடியவில்லை. உடம்பெல்லாம் துருவேறிய பழைய ஓ.டி.ஜி.க்கு இத்தனை செலவு வீண். காயலான் கடைக்குப் போடுவதானாலும், வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குக் கொடுப்பதானாலும் பிளக் வயரை அடியோடு கத்தரித்துவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் அதையும் டைரக்ட் செய்துவிடுவார்.